பெயிண்ட் காயாத ஆணி

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றைக்குக் கம்பெனியில் லட்டு கொடுத்தார்கள். தீபாவளிக்கே பூந்திப் பொட்டலத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள், அதனால் லட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மேனேஜர் மைக்கில் பேசினார். ஒரு வெளிநாட்டோடு நம் அரசாங்கம் வியாபார ஒப்பந்தம் போட்டுவிட்டதாம். நாங்கள் இங்கே ஆம்பூரில் தைக்கிற ஷூ இனி அங்கே வரி இல்லாமல் இறங்குமாம். "ஆர்டர் கொட்டப் போவுது. உங்க எல்லாருக்கும் நல்ல காலம்" என்றார். எல்லோரும் கை தட்டினோம். கையில் லட்டு இருந்ததால் நான் மெதுவாகத் தட்டினேன்.

"அக்கா, மிச்சமாவுற வரியெல்லாம் யாருக்குப் போவும்?" என்று பக்கத்து மிஷின் ஷமீமா கேட்டாள்.

"அதான் லட்டு வந்துச்சே" என்றேன்.

இந்த டைரியும் கம்பெனி கொடுத்ததுதான். எங்கள் ஷூவை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் வாசகம் அட்டையில் தங்க எழுத்தில் இருக்கிறது: 'ஒவ்வொரு அடியிலும் மரியாதை.' சும்மா கிடக்கிறதே என்று எழுத ஆரம்பித்திருக்கிறேன். ரேஷன் கடையில் பாமாயில் இல்லை. உடம்பு கொஞ்சம் சூடு.

பிப்ரவரி 9, திங்கள்

நல்ல காலம் வந்துவிட்டது. டார்கெட்டை ஏற்றிவிட்டார்கள். பாஸைக் குறைத்துவிட்டார்கள்.

பாஸ் என்றால் என்னவென்று எழுதி வைக்கிறேன், பின்னால் யாராவது படித்தால் நம்ப மாட்டார்கள். ஷூவின் அடிப்பாகத்துக்கு வெட்டிய தடித் தோலில் மிச்சமான ஒரு சதுரத் துண்டு. ஓட்டை போட்டு நூல் கோத்திருக்கும். சூப்பர்வைசர் தயாளனின் மேஜைக்குப் பக்கத்துத் தூணில் ஓர் ஆணி. பாஸ் ஆணியில் தொங்கினால் பாத்ரூமுக்குப் போகலாம். தொங்கவில்லை என்றால் யாரோ போயிருக்கிறார்கள், அவர்கள் வரும்வரை உட்கார வேண்டியதுதான். இத்தனை வருஷமாக எங்கள் ஹாலில் ஒரு லைனுக்கு மூன்று பாஸ் இருந்தது. இன்றிலிருந்து ஒன்று.

எத்தனை கைகள் பட்டதோ, அந்தத் தோல் துண்டு பாலிஷ் போட்ட மாதிரி மின்னுகிறது. நாங்கள் தைக்கிற ஷூகூட அவ்வளவு மின்னாது.

தயாளனிடம் கேட்டேன். அவன் என்னைவிடச் சின்னவன். வாயில் சார், டைரியில் அவன். "நானா போட்டேன் இந்த ரூலு? மேல கீறவன் என் தலையில உக்காந்துகினு கீறான். எங்கிட்ட வந்து கேக்குறியே" என்றான். அதுவும் பொய்யில்லை. அதற்காக அவனைப் பார்த்துப் பாவப்பட இன்றைக்கு எனக்கு நேரமில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

பார்லி வாங்கினேன். உடம்பு சூடுதான், வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

ஷமீமாவுக்கு இன்று முதல் நோன்பு. சாப்பாட்டு நேரத்தில் எங்களோடு வந்து சும்மா உட்கார்ந்தாள். பாட்டிலைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "எனக்கு ஒரு மாசம். உங்களுக்கெல்லாம் வருஷம் பூரா நோன்புதான்" என்றாள். சிரித்தோம். தண்ணீர் குடித்தால் போக வேண்டிவரும், போக பாஸ் வேண்டும். அதனால் காலையில் பஸ் ஏறும்போதே வாயைக் கட்டிவிடுகிறோம்.

ராத்திரி வீட்டுக்காரர் ஆட்டோவை விட்டு வந்ததும் பேப்பரில் படித்ததைச் சொன்னார். அந்த ஒப்பந்தத்தில் தொழிலாளர்களுக்கென்று தனியாக ஒரு அத்தியாயம் இருக்கிறதாம். மானம், பாதுகாப்பு, எல்லாம் அதில் எழுதியிருக்கிறதாம்.

"அப்ப அதைக் காட்டிக் கேக்கலாமா?" என்றேன்.

"வரி விஷயத்துல ஏமாத்துனா பஞ்சாயத்து உண்டு, அபராதம் உண்டு. உங்க அத்தியாயத்தை மீறுனா ரெண்டு நாடும் உக்காந்து பேசிக்குமாம். அவ்ளோதான் குணா."

"யாரு உக்காந்து பேசுவாங்க?"

"நீ இல்ல" என்றார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

எனக்கு வலப்பக்கத்து மிஷின் எஸ்தர். கல்யாணமாகாத பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை. தலையை நிமிர்த்தாமல் தைப்பாள், பாடிக்கொண்டே தைப்பாள், பாட்டு உதட்டுக்கு வெளியே வராது. காலையிலிருந்து அவளுக்கு வயிறு சரியில்லை. இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தாள், ஆணியில் பாஸ் இல்லை. மூன்றாம் முறை தயாளனிடம் கேட்டாள். "போனவ வரட்டும்மா" என்றான். அவள் வந்து உட்கார்ந்தாள். காலை ஒன்றன்மேல் ஒன்று போட்டு இறுக்கிக்கொண்டு தைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் மிஷின் நின்றது. ஸ்டூலுக்குக் கீழே தரை நனைந்திருந்தது.

என் துப்பட்டாவைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டினேன். ஷமீமா என் தண்ணீர் பாட்டிலை எடுத்து, கை தவறிக் கொட்டியவள் போலத் தரையெல்லாம் கொட்டினாள். "ஐயோ, பாட்டில உட்டுட்டேனே" என்று சத்தமாகவும் சொன்னாள். அந்தச் சமயத்தில் அவளுக்கு எப்படித்தான் தோன்றியதோ. அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

எஸ்தர் அழவில்லை. அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 25, புதன்

எஸ்தர் வரவில்லை. அவள் மிஷினில் உறை போட்டிருக்கிறது.

மார்ச் 1, ஞாயிறு

துணி துவைத்து, மாவு அரைத்துவிட்டு எஸ்தர் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா டீ போட்டார்கள். காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்று அம்மாவுக்கு நினைப்பு. வாசல்வரை என்னோடு வந்த எஸ்தர், "அக்கா, அன்னைக்கி நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"இன்னாத்த?"

"கீழ."

"ஷமீமா தண்ணிய கொட்டுனாளே, அதானே" என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் இனிமே வரமாட்டேன்க்கா. அந்த ஆணியப் பாத்தாலே எனக்கு ஒடம்பு கூசுது" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது முடிவு செய்துவிட்டேன். அந்த பாஸ் அங்கே தொங்கக்கூடாது. எப்படி என்று தெரியாது. தொங்கக்கூடாது, அவ்வளவுதான்.

மார்ச் 5, வியாழன்

லீவு போட்டு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். நிறையத் தண்ணீர் குடியுங்கள், அடக்கி வைக்காதீர்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்கிற விஷயமா இது? மறுபடியும் ரத்தம் வந்தா உடனே வந்து சேருங்க" என்று கோபித்துக்கொண்டார். ஒன்றுக்குப் போனபோது ரத்தம் வந்ததை அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். வீட்டில் சொல்லவில்லை, இங்கேயும் எழுதவில்லை. இப்போது எழுதியாகிவிட்டது. சூடுதான்.

மார்ச் 10, செவ்வாய்

வியாழக்கிழமை ஆடிட் வருகிறது. எங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க, எங்கள் ஷூவை வாங்குகிற கம்பெனியின் ஆள் அங்கிருந்தே வருகிறாராம். ஒப்பந்தத்துக்குப் பிறகு வருகிற முதல் ஆடிட் என்பதால் எல்லோரும் பரபரப்பாக இருக்கிறார்கள். வெல்ஃபேர் ஆபீசர் நிவேதா மேடம் எங்களை உட்கார வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல ஒப்பிக்க வைத்தார்.

"பாத்ரூமுக்கு எத்தனை தடவை போகலாம்?"

"எத்தனை தடவை வேணும்னாலும் மேடம்."

"வேணும்போதா மேடம்?" என்று நான் கேட்டேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேடம் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "குணவதி, நீங்க நல்லா தெளிவா பேசறீங்க. பேட்டிக்கு உங்க பேரைக் குடுத்திருக்கேன்" என்றார். இத்தனை வருஷமாக லேட் ஆகாத, அதிகமாக லீவு போடாத, வாயைத் திறக்காத ஆள் என்று என் பெயரைத் தயாளன்தான் எழுதிக் கொடுத்தானாம்.

ஷமீமாவிடம், உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். "சொல்லுங்க. மொழிபெயர்க்குற ஆளு நம்ம மேனேஜர் வச்ச ஆளு. போன தடவை கட்டிங் ஹால்ல ஒரு பொண்ணு சொன்னா. அவ சொன்னது வேற, ஆடிட்டுக்கு வந்த அம்மாவுக்குப் போய்ச் சேந்தது வேற. அடுத்த மாசம் அவளை வேலைல காணோம்" என்றாள்.

மார்ச் 12, வியாழன்

விரலில் இன்னும் பெயிண்ட் வாசனை அடிக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இன்றைக்கு அவரே உலை வைக்கிறேன் என்று சொல்லிவிட்டார், அதனால் விளக்கமாக எழுதுகிறேன்.

காலையில் போனபோது ஹால் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பாத்ரூமில் புது வாளி, புது சோப்பு. தூண்களுக்கு அவசரமாக வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தார்கள். பாஸை எடுத்துத் தயாளன் டிராயரில் பூட்டிவிட்டான். ஆணியைப் பிடுங்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பெயிண்ட்காரர் அதன்மேலேயே ஓர் இழுப்பு இழுத்துவிட்டுப் போயிருந்தார்.

ஆடிட் அம்மாவுக்கு நரைத்த குட்டை முடி. அவரோடு வந்த மொழிபெயர்ப்பாளர் மேனேஜர் அறையில் டிபன் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

அவர்கள் ஹாலில் நடக்கும்போது யாராவது பாத்ரூம் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தயாளன் கண்ணைக் காட்டினால் எழுந்து போக வேண்டும். வருஷமெல்லாம் போகாதே என்றவன் இன்றைக்குப் போ போ என்கிறான். முதலில் ஷமீமாவுக்குக் கண்ணைக் காட்டினான். அவள் நோன்பில் இருக்கிறாள், விடியலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. "எனக்கு வரலியே" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள்.

தூண் அருகே போனதும் அவள் கை தானாக மேலே போய் ஆணியைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. ஷமீமா அப்படியே நின்றுவிட்டாள். எத்தனையோ வருஷமாகக் கையில் பாஸ் இல்லாமல் அந்தக் கதவைத் தாண்டியதில்லை. கால் நகரவில்லை. திரும்பித் தயாளனைப் பார்த்தாள். "போ, போ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். ஆடிட் அம்மா இதைப் பார்த்துவிட்டார். ஆணியைக் காட்டி ஏதோ கேட்டார். "காலண்டர் மாட்டுற ஆணி மேடம்" என்றான் தயாளன். மொழிபெயர்ப்பாளர் அதை அழகாகச் சொல்லிவிட்டார். அவரும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்.

பிறகு என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். பாத்ரூம் பற்றி அந்த அம்மா கேட்டார். நான் எஸ்தரைப் பற்றிச் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை, நடந்ததை எல்லாம் சொன்னேன். நான் ஒரு பக்கம் பேசினேன், மொழிபெயர்ப்பாளர் ஒரு வரி பேசினார். அந்த ஒரு வரியில் 'வெரி குட்' இருந்தது. அவ்வளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். நான் அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவருக்குப் புரியவில்லை. நன்றி என்று தமிழிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்.

மிஷினுக்கு வந்து உட்கார்ந்தேன். இப்படியே விட்டால் அடுத்த வருஷம்தான் மறுபடி ஆடிட். கழிவுக் கூடையிலிருந்து ஒரு தோல் துண்டை எடுத்தேன். சதுரமாக வெட்டினேன். ஓரத்தை மடித்துத் தைத்தேன். என் கைக்குத் தெரிந்த வேலைதானே, நன்றாகவே வந்தது. ஓட்டை போட்டு நூல் கோத்தேன். எழுந்து போய் ஆணியில் மாட்டினேன். விரலெல்லாம் வெள்ளை.

"ஏய், இன்னா பண்ற?" என்று தயாளன் எழுந்தான். அதற்குள் அந்த அம்மா கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

அவர் பார்க்க பாஸை எடுத்தேன். கையில் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன். எனக்குப் போக வேண்டியும் இருந்தது. திரும்பி வந்து ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை. ஷமீமா எழுந்தாள். பாஸை எடுத்தாள், கதவுவரை போனாள், வந்தாள், மாட்டினாள். அவளுக்குப் பின்னால் இருந்தவள் எழுந்தாள். அடுத்த லைனிலிருந்தும் வந்தார்கள். ஒருத்தி மாட்டும்வரை அடுத்தவள் தூணுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், தினமும் நிற்பது போலவே. மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்து திறந்து மூடினார். அவர் மொழிபெயர்க்க அங்கே ஒரு பேச்சும் இல்லை.

அந்த அம்மா வந்து பாஸைக் கையில் வாங்கிப் பார்த்தார். போட்டோ எடுத்தார். ஆணியைத் தொட்டுப் பார்த்தார். அவர் விரலிலும் வெள்ளை ஒட்டிக்கொண்டது.

"இன்னாக்கா இப்டி பண்ணிட்ட" என்றான் தயாளன். அவன் என்னை அக்கா என்றது இதுதான் முதல் முறை.

மார்ச் 13, வெள்ளி

மேனேஜர் அறை. ஒரு காகிதத்தை நீட்டினார்கள். சும்மா விளையாட்டுக்குச் செய்தோம், பாஸ் என்று எதுவும் இல்லை என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

"இந்த நாடு இல்லன்னா அவங்களுக்கு இன்னொரு நாடு. ஒரே நாள்ல ஆர்டரைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. இத்தனை பேர் சோத்துல மண்ணைப் போட்டுட்டியே" என்றார் மேனேஜர்.

"ஒரு வாளி தண்ணி செலவுல போற ஆர்டரா சார் அது?" என்றேன். பிறகு, "நான் போடமாட்டேன் சார்" என்றேன். காகிதத்தைத் திருப்பி மேஜையில் வைத்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

பஸ்ஸில் இரண்டு பேர் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஆர்டர் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அவரிடம் சொன்னால், "போனா போவுது, ஆட்டோ கீது" என்கிறார். ஆட்டோவுக்கு டியூ கட்டுவது என் சம்பளத்தில் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

மார்ச் 27, வெள்ளி

ஆர்டர் போகவில்லை. இவ்வளவு மலிவாக இவ்வளவு நல்ல ஷூ அவர்களுக்கு வேறெங்கே கிடைக்கும். வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து மெயில் வந்ததாம். தையல் ஹாலில் பாஸ் முறையை உடனே நிறுத்த வேண்டும், நிறுத்தியதற்குப் போட்டோ அனுப்ப வேண்டும். அதே மெயிலில் ஷூவின் விலையைக் குறைக்கவும் சொல்லியிருக்கிறார்கள், வரிதான் இல்லையே என்று. தயாளன் இதைச் சொல்லிவிட்டு, "உங்க அந்தம்மா ரொம்ப நல்லவங்க" என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் அவனே சுத்தியலைக் கொண்டுவந்து ஆணியைப் பிடுங்கினான். போட்டோ எடுத்தார்கள். ஹாலே பார்த்துக்கொண்டிருந்தது. ஷமீமா என் கையைக் கிள்ளினாள். அழுதுவிட்டேன், சொல்வதற்கென்ன.

வெளியே வரும்போது நிவேதா மேடம் ஒரு காகிதம் கொடுத்தார். திங்கள் முதல் நான் பேஸ்டிங் ஹாலுக்கு மாற்றம். ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற இடம், நாள் முழுக்க நின்று பசை தடவுகிற வேலை. நான் தையல்காரி. தண்டனைதான்.

மார்ச் 29, ஞாயிறு

எஸ்தரிடம் போய் ஆணி போன கதையைச் சொன்னேன். நம்பவில்லை. ஷமீமாவுக்கு போன் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 30, திங்கள்

பேஸ்டிங் ஹாலில் பசை நெடி கண்ணைக் கரிக்கிறது. போகும் வழியில் தையல் ஹாலை எட்டிப் பார்த்தேன். என் மிஷினில் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர் பாட்டில், பாதி காலி. நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது.

பிறகு என் இடத்துக்குப் போனேன். சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு தூண். தூணில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு தோல் துண்டு.

மெயிலில் தையல் ஹால் என்றுதான் எழுதியிருந்தது. அந்த அம்மா இங்கே வரவில்லை. பக்கத்தில் நின்றவள், கிரிஜா என்று பெயர், "இன்னா பாக்குற? பாஸ் இருந்தா போ, இல்லன்னா நில்லு. அதான் இங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஆணியைப் பிடுங்க வைத்தவளை அனுப்புவதற்கு, ஆணி இல்லாத இடமே கிடைக்கவில்லையா இவர்களுக்கு என்று தோன்றியது.

ஏப்ரல் 1, புதன்

பெரிய தண்ணீர் பாட்டில் வாங்கிவிட்டேன். காலையில் பஸ்ஸிலேயே பாதியைக் குடித்தேன். வேலை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மீதியையும் குடித்தேன். கிரிஜா, "இன்னா நீ, பைத்தியமா?" என்றாள். அவளுக்கும் நீட்டினேன். யோசித்தாள். பிறகு வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள்.

போக வேண்டிவந்தது. ஆணியில் பாஸ் இல்லை, யாரோ போயிருந்தார்கள். தூணைத் தாண்டி நடந்தேன்.

"ஏம்மா, பாஸ் எங்க?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"தையல் ஹால்ல பிடுங்கிட்டாங்களே சார், உங்களுக்குச் சொல்லலியா?" என்று கேட்டுவிட்டுப் போனேன்.

திரும்பி வரும்போது கதவருகே கிரிஜா வந்துகொண்டிருந்தாள். கையில் பாஸ் இல்லை.